வீட்டுக்கு ஒரு சங்கிலி ரம்பம் தேவையா?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கடைவீதிகளில் இப்போது ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு சங்கிலி ரம்பம் கிடைக்கிறது. மருந்து தெளிப்பான்களும் பம்பு செட்டுகளும் விற்கும் கடைகளின் வாசலில், ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். மரம் வெட்டுவோர் ஒரு நாளைக்குக் கேட்கும் கூலியையும் இந்த விலையையும் மனத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்கும் எவருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். 'இரண்டு மூன்று முறை பயன்படுத்தினால் போட்ட பணம் வந்துவிடுமே' என்று தோன்றும்.

இந்த வட்டாரத்தில் மரமில்லாத வீடு குறைவு. கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. தோத்தாபுரி என்றும், எல்லைக்கு அப்பாலுள்ள நகரத்தின் பெயரால் பெங்களூரா என்றும் வழங்கும் மாம்பழம் இங்கே கூழாகிப் பல நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. ஓசூரைச் சுற்றிப் புதிதாக எழும்பும் குடியிருப்புகளிலோ வேலியோரம் சில்வர் ஓக், கொல்லையில் தென்னை, மூலையில் ஒரு முருங்கை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டுக்குள் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படி மண் ஊறிப்போகும் நாள்களில் வேர்ப்பிடிப்புத் தளர்ந்து மரங்கள் சாய்கின்றன. அன்றைக்கு ரம்பமுள்ள ஆளைத் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கும். ஆகவே, ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் வேலைக்காக மலிவான ரம்பம் ஒன்றை வாங்கி வைப்பது சரியா என்ற கேள்வி நியாயமானதே. விடை சொல்லுமுன் அந்த எந்திரத்தின் உள்ளே புகுந்து பார்ப்போம்.

புழுவிடம் கற்ற பாடம்

சங்கிலி ரம்பம் பிறந்த இடம் காடு அன்று, மருத்துவமனை! 1780-களில் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர்களான ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் எலும்பை அறுப்பதற்காகப் பற்கள் வைத்த மெல்லிய சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினர். இரு முனைகளிலும் கைப்பிடி. மாறி மாறி இழுக்க வேண்டும். பிள்ளைப்பேற்றில் குழந்தை வெளிவர வழியில்லாதபோது தாயின் இடுப்பெலும்பு இணைப்பை அறுக்கவும் அது பயன்பட்டது. மயக்க மருந்து இல்லாத காலம் என்பதை நினைத்தால் நமக்கு நடுக்கம் எடுக்கிறது.

மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் வந்தது 1920-களில்தான். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-இல் மின்சாரத்தால் இயங்கும் ரம்பத்தைச் செய்தார். அடுத்த ஆண்டு எமில் லெர்ப் என்பவர் பெட்ரோல் ரம்பம் ஒன்றை டோல்மர் என்ற மலையில் ஓட்டிக் காட்டினார். அக்கால ரம்பங்களைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பற்களும் கைரம்பத்தின் பற்களைப் போலவே இருந்ததால், மரத்தைச் சுரண்டினவே தவிரச் சீவவில்லை. அடிக்கடி மழுங்கிப் போயின.

இக்குறையைத் தீர்த்த கதை சுவையானது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946-இல் ஒரு நாள் மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கூர்ந்து பார்த்தார். ஆள்காட்டி விரல் அளவுள்ள அப்புழு, மர இழையின் போக்கிலும் சரி, இழைக்குக் குறுக்கிலும் சரி, தங்குதடையின்றி முன்னேறியது. அதன் தாடைகள் வளைந்திருந்தன. ஒரு கடி இடப்பக்கம், அடுத்த கடி வலப்பக்கம். அதே அமைப்பை எஃகில் செய்தார் காக்ஸ். இன்று உலகெங்கும் ஓடும் ரம்பச் சங்கிலிகள் அடிப்படையில் அந்தப் புழுவின் தாடைகளே.

சங்கிலியைக் கையில் எடுத்துப் பாருங்கள் (எஞ்சின் நின்றிருக்கும்போது, கையுறையோடு). ஒரு பல் இடப்பக்கம் வளைந்திருக்கும்; அடுத்தது வலப்பக்கம். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சுறாமீனின் துடுப்பைப்போல ஒரு சிறு மேடு நிற்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை முடிவு செய்வது இந்த மேடுதான். பல்லின் உச்சியைவிட இது சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கும். நம் தச்சர்களின் இழைப்புளியில் உளியின் நுனி எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறதோ அவ்வளவுதான் சீவல் கிடைக்கும் அன்றோ? அதே தத்துவம்தான் இங்கும். சில பட்டறைகளில், 'வேகமாக அறுக்கும்' என்று சொல்லி இந்த மேட்டை அளவுக்கு மீறி ராவிவிடுகிறார்கள். அப்போது பல் ஆழமாகக் கடித்து ரம்பம் துள்ளும். விளைவைப் பின்னர்ப் பார்ப்போம்.

இருபத்தைந்து ஆள் பலம்

ஆறாயிரம் ரூபாய் ரம்பங்களில் பெரும்பாலானவை 52 அல்லது 58 கன செ.மீ. எஞ்சின் கொண்டவை, 22 அங்குலப் பட்டை. எஞ்சின் ஆற்றலை 2 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். உடல் வலுவுள்ள ஒருவர் நாள் முழுதும் தொடர்ந்து உழைத்தால் வெளிப்படுத்தும் ஆற்றல் சுமார் 75 வாட். ஆக, ஏறத்தாழ இருபத்தைந்து பேர் இழுக்கும் ரம்பத்தை ஒருவர் கையில் பிடித்திருக்கிறார். பயனும் இதில்தான், பயமும் இதில்தான்.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இவ்வகை ரம்பத்தில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் சங்கிலி ஏறத்தாழ 11.5 செ.மீ. நகர்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றும்போது, அதாவது வினாடிக்கு 150 சுற்று, சங்கிலியின் வேகம் வினாடிக்கு 17 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல்! தேசிய நெடுஞ்சாலையில் செல்லும் பேருந்தின் வேகம் அது. ஒரே இடத்தை வினாடிக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட பற்கள் கடந்து செல்கின்றன.

மலிவு ரம்பங்களில் 'சி.சி.' எண்தான் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். வாங்குவோரும் எண் பெரிதானால் எந்திரம் சிறந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். கொள்ளளவு என்பது சிலிண்டரின் குறுக்களவையும் பிஸ்டன் நகரும் தொலைவையும் பொறுத்த வெறும் வடிவக் கணக்கு. 45 மி.மீ. குறுக்களவும் 32 மி.மீ. நகர்வும் இருந்தால் 51 கன செ.மீ. வரும். அதிலிருந்து எவ்வளவு ஆற்றல் கிடைக்கும், எத்தனை நாள் கிடைக்கும் என்பதெல்லாம் வார்ப்பின் தரமும் துளைகளின் அமைப்பும் முடிவு செய்பவை. அது மட்டுமன்று, எப்போதோ ஒரு முறை எடுக்கும் புதியவருக்கு 58 சி.சி.யும் 22 அங்குலமும் தேவையே இல்லை. 35 முதல் 45 சி.சி. வரை, 14 அல்லது 16 அங்குலப் பட்டை என்பதே வீட்டு வேலைக்குப் பொருத்தம். சிறிய ரம்பத்துக்கு அதிக விலையா என்று கடைக்காரரிடம் சண்டை பிடிக்கும் வாசகர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஓசூருக்குப் பழக்கமான எஞ்சின்

ரம்பத்தின் எஞ்சின் இருவீச்சு எஞ்சின். பட்டறை மொழியில் 'டூ ஸ்ட்ரோக்'. இது ஓசூருக்குப் புதியதன்று. 1980-இல் இவ்வூர்த் தொழிற்சாலையிலிருந்துதான் டி.வி.எஸ். 50 என்ற மொபெட் வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் அது. பால் கேனும் தேங்காய் மூட்டையும் சுமந்து தமிழ்நாட்டு மண் சாலைகளில் ஓடிய அந்த வண்டியின் எஞ்சினும் சங்கிலி ரம்பத்தின் எஞ்சினும் கொள்ளளவில் ஏறக்குறைய ஒன்று. தத்துவத்தில் முற்றும் ஒன்று.

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் நான்கு முறை நகர்ந்தால் ஒரு முறை ஆற்றல் கிடைக்கும். இருவீச்சு எஞ்சினில் பிஸ்டன் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நகர்ந்ததும் ஆற்றல் வீச்சு வந்துவிடுகிறது. வால்வுகள் இல்லை, சிலிண்டர்ச் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. இதனால் எடை குறைவு, உறுப்புகள் குறைவு. கையில் தூக்கும் கருவிக்கு ஏற்றது. எரிபொருள் கலவை பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறை வழியாகவே மேலே செல்வதால், அங்கே தனியாக எண்ணெய் தேக்கி வைக்க இயலாது. ஆகவேதான் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலக்கிறோம்.

மொபெட்டில் உள்ள இன்னொரு உறுப்பும் ரம்பத்தில் உண்டு: மையவிலக்கு விசையால் பிடிக்கும் கிளட்ச். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கிளட்ச்சின் கட்டைகள் உள்ளே ஒடுங்கியிருக்கும், சங்கிலி அசையாது. வேகம் கூடியதும் கட்டைகள் வெளியே விரிந்து உருளையைப் பற்றும், சங்கிலி ஓடும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சங்கிலி நகர்ந்துகொண்டே இருந்தால் எஞ்சின் வேகம் தவறாக வைக்கப்பட்டிருக்கிறது அல்லது கிளட்ச் சுருள்வில் தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் ரம்பத்தைத் தூக்கவே கூடாது.

வேறுபாடு கார்புரேட்டரில் இருக்கிறது. மொபெட்டின் கார்புரேட்டரில் மிதவை ஒன்று பெட்ரோல் மட்டத்தைக் காக்கும். அதைச் சாய்த்தால் வேலை செய்யாது. ரம்பத்தையோ படுக்க வைத்தும் சாய்த்தும் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே மிதவைக்குப் பதிலாக மெல்லிய ரப்பர்ச் சவ்வு. கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பால் இன்னொரு சவ்வு இதயம்போலத் துடித்துப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிறது. எந்தக் கோணத்திலும் எஞ்சின் ஓடும். ஆனால் இந்தச் சவ்வுதான், எப்போதோ ஒரு முறை ரம்பம் எடுப்பவரின் முதல் எதிரி!

அலமாரியில் கெடும் எந்திரம்

ஒரு மாட்டு வண்டியை ஆறு மாதம் கொட்டகையில் நிறுத்தி வைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சங்கிலி ரம்பம் அப்படியல்ல. அது ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கெடுவதே மிகுதி.

இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022-இல் 10 சதவீதத்தையும் 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாங்கியில் பாதி பெட்ரோலை விட்டு ரம்பத்தை மாதக்கணக்கில் மூலையில் வைத்தால், ஈரம் சேர்ந்து சேர்ந்து, ஒரு நிலையில் எத்தனாலும் நீரும் ஒன்றுகூடி அடியில் தனிப்படலமாக இறங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் முனை இருப்பதும் அங்கேதான். இதற்கிடையில் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், எஞ்சியது கார்புரேட்டரின் ஊசித்துளைகளில் பிசினாகப் படியும். பழைய வகை ரப்பரால் ஆன சவ்வும் குழாய்களும் விறைத்தோ ஊதியோ போகும். புயல் ஓய்ந்த காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்வலி வந்தும் எஞ்சின் கிளம்பாததற்கு நூற்றுக்குத் தொண்ணூறு இதுவே காரணம் என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

இன்னொன்றும் உண்டு. எத்தனாலில் ஆக்சிஜன் அடங்கியிருப்பதால், சாதாரணப் பெட்ரோலுக்கென்று அமைத்த கார்புரேட்டரில் 20 சதவீதக் கலவையை ஊற்றினால் எஞ்சினுக்குக் கிடைப்பது 'இளைத்த' கலவை. அதனால் சூடு ஏறும். எண்ணெய்க் கலப்பும் குறைந்திருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அத்தோடு கதை முடிந்தது. ஆறாயிரம் ரூபாய் எந்திரத்துக்குச் சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றுவது கட்டுப்படியாகாது.

தவிர்க்கும் வழி எளிது. ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். கையேட்டில் 25-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மி.லி.; 50-க்கு 1 என்றால் 20 மி.லி. இருவீச்சு எண்ணெயே வேண்டும். காருக்கு ஊற்றும் எண்ணெய் ஆகாது. அளவைக் கண்ணால் மதிப்பிடாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாச் சிரிஞ்சால் அளப்பது நல்லது. வேலை முடிந்ததும் டாங்கியைக் கவிழ்த்துவிட்டு, கார்புரேட்டரில் எஞ்சியது தீர்ந்து தானாக நிற்கும்வரை எஞ்சினை ஓட்டுங்கள். திறந்த வெளியில்தான், கொட்டகைக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும்.

ஒரு காலத்தில் பெட்ரோல் பங்க் தோறும் 'டூ டி' எண்ணெய் அளந்து ஊற்றும் குழாய் இருந்தது. புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, சாலையிலிருந்து இருவீச்சு வண்டிகள் விலகின. ஓசூர் மொபெட்டே 2015-இல் நான்கு வீச்சுக்கு மாறிவிட்டது. ஆயினும் இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்த பழைய மெக்கானிக்குகள் இவ்வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, மலிவு ரம்பங்களில் பல, பெயர் வெவ்வேறாக இருந்தாலும் ஒரே மாதிரியைப் பார்த்து வார்த்தவை. ஒன்றின் உதிரி உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும். மலிவு ரம்பத்துக்குச் சாதகமாகச் சொல்லத்தக்க உண்மை இது.

முகத்தை நோக்கித் துள்ளும் பட்டை

இனி, விலைச்சீட்டில் எழுதாத விலைக்கு வருவோம்.

சங்கிலி பட்டையின் மேல்புறத்தில் முன்னோக்கி ஓடி, மூக்கில் திரும்பி, அடிப்புறத்தில் நம்மை நோக்கி வருகிறது. அடிப்புறத்தால் அறுக்கும்போது மரம் ரம்பத்தை முன்னே இழுக்கும். மேல்புறத்தால் அறுத்தால் நம்மை நோக்கித் தள்ளும். இவ்விரண்டையும் கையால் தாங்கலாம். ஆனால் மூக்கின் மேல் கால்பகுதி ஏதேனும் கிளையில் இடித்தால்? அங்கே பற்கள் முன்னும் கீழுமாகப் பாய்கின்றன. பல் கடித்து நின்றுவிட்டால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அந்த விசை முழுதும் பட்டையை மேலும் பின்னுமாக வீசுகிறது. பட்டை ஒரு வில்போல எழும்பி, பிடித்திருப்பவரின் முகத்தையோ கழுத்தையோ தோளையோ நோக்கி வரும். நிகழும் நேரம் வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவே. கண்ணால் கண்டு கையை அசைக்க மனிதனுக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். ஆகவே 'கவனமாக இருந்தால் சமாளிக்கலாம்' என்பது இங்கே பொருளற்ற பேச்சு. நாம் அறியுமுன் எல்லாம் முடிந்திருக்கும்.

காப்பாற்றுவது சங்கிலித் தடுப்பான் ஒன்றே. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் தகடு கையைக் காக்கும் மறைப்பு மட்டுமன்று. அதுவே தடுப்பானின் நெம்புகோல். ரம்பம் துள்ளும்போது தகடு மணிக்கட்டில் பட்டோ, தன் நிலைமத்தாலோ முன்னே சாய, ஓர் எஃகுப் பட்டி கிளட்ச் உருளையை இறுக்கிப் பிடித்துச் சங்கிலியை நிறுத்துகிறது. மலிவு ரம்பத்துக்கும் நல்ல ரம்பத்துக்கும் உள்ள வேறுபாடு எஞ்சினில் இருப்பதைவிட இந்தத் தடுப்பானில் இருந்தால்தான் அச்சம். சுருள்வில் வலுவற்றதாக இருந்தாலும் பட்டியில் எண்ணெய் ஊறியிருந்தாலும் வெளியே பார்க்கத் தெரியாது.

இடக்கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். ஒற்றைக் கையால் பிடிப்பது, தோளுக்கு மேலே உயர்த்தி அறுப்பது, ஏணியில் நின்று அறுப்பது ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம். வேட்டியும் ரப்பர்ச் செருப்புமாகச் சங்கிலி ரம்பம் பிடிப்போரை நம் ஊர்களில் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களில் பலர் கைதேர்ந்தவர்கள். ஆயினும் அவர்களது தேர்ச்சி தொடையில் ஏறும் சங்கிலியை நிறுத்தாது. இதற்கென்றே ஒரு காப்பு உடை உண்டு. அதனுள் நீண்ட, உறுதியான இழைகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கும். சங்கிலி துணியைக் கிழித்ததும் இழைகள் கொத்தாக வெளிப்பட்டுப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு எஞ்சினையே திணறடித்து நிறுத்திவிடும். இரும்புக் கவசம் செய்ய முடியாததை நூல் செய்கிறது. நல்ல காப்பு உடை, கண்ணுக்கு வலைமறைப்புள்ள தலைக்கவசம், விரல்முனையில் எஃகு வைத்த காலணி எல்லாம் வாங்கினால் ரம்பத்தின் விலையைத் தாண்டிவிடும். தாண்டினாலும் வாங்கத்தான் வேண்டும்.

காதுக்கும் ஒரு சொல். பெட்ரோல் ரம்பம் ஓட்டுபவரின் காதருகே ஒலி 110 டெசிபெல் அளவுக்கு எழுகிறது. 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பதும் அமெரிக்கத் தொழில் நலக் கழகத்தார் பரிந்துரைத்த அளவு. அதன்படி 109 டெசிபெல்லுக்கு வரும்போது நேரம் 2 நிமிடத்துக்கும் குறைவு! காதுமூடி இல்லாமல் ஒரு கிளையைக் கூட அறுக்கலாகாது. அதிர்வினால் விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் நாள்தோறும் ரம்பம் பிடிக்கும் காட்டுத் தொழிலாளருக்கு வருவது. ஆண்டுக்கு இரு நாள் எடுப்பவர் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

மரத்துக்குள் இருக்கும் வில்

ரம்பம் நன்றாக இருந்தாலும் மரம் ஏமாற்றும். இரு கற்களின்மேல் கிடக்கும் கட்டையை எண்ணிப் பாருங்கள். நடுவே அதன் எடை கீழே அழுத்துவதால் மேற்புறம் நெருக்கப்பட்டும் அடிப்புறம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு வாய் மூடிக்கொண்டு பட்டையைக் கவ்வும். மரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் இது தலைகீழ்: மேற்புறம் இழுவிசை, அடிப்புறம் நெருக்கம். மேலிருந்து மட்டும் அறுத்தால், பாதி அறுத்ததும் கிளை தன் எடையால் படீரென்று பிளந்து, பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு விழும். மாமரத்துக்கு அந்தக் காயம் ஆறாது. தண்டு துளைப்பான் புழுவுக்கு அது திறந்த வாசல்.

ஆகவே நெருக்கமுள்ள பக்கத்தில் முதலில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, பிறகு இழுவிசையுள்ள பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். பெரிய கிளையாயின், அடிமரத்துக்கு ஓரடி தள்ளி அடியில் ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு. பாரம் இறங்கியபின் மிஞ்சிய முண்டை அடிமரத்தையொட்டி ஒரு வெட்டு. அந்தப் பாரம் எவ்வளவு தெரியுமா? 25 செ.மீ. குறுக்களவும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கட்டையின் கன அளவு 0.147 கனமீட்டர். அடர்த்தியை நீரின் அடர்த்தியில் பத்தில் ஒன்பது பங்கு என்று கொண்டால் எடை 130 கிலோகிராமுக்கு மேல். இரண்டு ஆள் எடை.

கிருஷ்ணகிரிப் பகுதியில் வயதான, அடர்ந்து இருண்டுபோன மாந்தோப்புகள் நிறைய. இவற்றை வெட்டி எறியாமல் மீண்டும் இளமையாக்கும் முறையை லக்னோவிலுள்ள மத்திய மிதவெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. கிளைகளை ஓரளவு உயரத்தில் அறுத்து, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவி, வரும் தளிர்களில் நல்லவற்றை மட்டும் விட்டு வளர்ப்பார்கள். சில ஆண்டுகளில் மரம் மீண்டும் காய்க்கும். அங்கே டிசம்பர், ஜனவரியில் செய்கிறார்கள். நம் பருவத்துக்கு எது பொருந்தும் என்பதைக் காவேரிப்பட்டணம் அருகே பையூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறிவது நல்லது. இந்த வேலைக்குச் சங்கிலி ரம்பம் இன்றியமையாதது. கோடாரியால் வெட்டினால் வாய் சிதைந்து நீர் தேங்கி அழுகும். ஆனால் வேலை நடப்பது ஆள் உயரத்துக்கு மேலே. புதியவர் தன் மலிவு ரம்பத்தோடு மரமேறிச் செய்யத்தக்கதன்று.

தென்னை வேறு வகை. அதன் நடுப்பகுதி மென்மை, வெளிவட்டம் இரும்பு. அந்த வெளிவட்டம் சங்கிலியை மிக விரைவில் மழுக்கிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் சாய்த்த தென்னைகளை அறுத்தவர்களைக் கேட்டால், அறுத்த நேரத்தைவிட அரம் பிடித்த நேரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சங்கிலி கூர்மையாக இருந்தால் சீவல் சீவலாக விழும். மாவாக விழத் தொடங்கினால் மழுங்கிவிட்டது. பல்லின் அளவுக்கேற்ற வட்ட அரத்தை 30 பாகைக் கோணத்தில் வைத்து, எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். இதைப் பழகிக்கொள்ள மனமில்லாதவர் சங்கிலி ரம்பம் வாங்குவதில் பொருளே இல்லை.

வாங்கலாமா?

கணக்கைப் போடுவோம். ரம்பம் ஆறாயிரம், காப்புப் பொருள்கள் ஓரளவுக்கு ஆறாயிரம். ஐந்தாண்டு உழைக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,400. சங்கிலி, அரம், எண்ணெய், கார்புரேட்டர் கழுவும் கூலி என்று ஆண்டுக்கு ஓர் ஆயிரம் சேர்த்தால் 3,400. ஆண்டுக்கு இரண்டு நாள் வேலையானால் ஒரு நாளைக்கு 1,700 ரூபாய். பத்து நாள் வேலையானால் 340. இந்த எண்ணை உங்கள் ஊரில் ரம்பத்தோடு வரும் ஆளின் கூலியோடு ஒப்பிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: அவர் கூலியில் அவருடைய உழைப்பும் மரமேறும் திறமையும் அடங்கியிருக்கின்றன, உங்கள் 1,700-இல் உங்கள் உழைப்புக் கணக்கில் வரவில்லை.

நகர்ப்புற வீட்டுக்காரருக்கு என் விடை, வேண்டாம் என்பதே. மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளுக்கு வளைந்த கைரம்பம் போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால், இப்போது கிடைக்கும் 6 அங்குலப் பட்டரி ரம்பம் ஒன்று. பட்டரியில் அடங்கும் ஆற்றல் சிறிது: 21 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 42 வாட் மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதோ ஏறத்தாழ 9,000 வாட் மணி. ஆயினும் முருங்கையும் செம்பருத்தியும் கழிக்க அந்தச் சிறிது போதுமே. பட்டரி ரம்பத்திலும் விரல் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சிறிதாக இருப்பதால் எல்லாரும் ஒற்றைக் கையால் பிடித்து, மறு கையால் கிளையைப் பிடிக்கிறார்கள்!

வீட்டுக்கருகிலேயே விறகறுக்கும் வேலை மிகுதி என்றால் கம்பியோடு இணைத்த மின் ரம்பம் நல்லது. கெட்டுப்போகப் பெட்ரோலும் இல்லை, சவ்வும் இல்லை. 2,000 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 50 மீட்டருக்கு 1 சதுர மி.மீ. மெல்லிய செம்புக் கம்பி இழுத்தால் போய்வரும் வழியில் 15 வோல்ட் வீணாகி மோட்டார் சூடேறும், 2.5 சதுர மி.மீ. கம்பியானால் 6 வோல்ட்டே. கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் அமைப்பு வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். புயலடித்து மின்சாரம் போன நாளில் மட்டும் இது உதவாது.

ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் மாந்தோப்பும் வேலி மரங்களும் வைத்திருந்து, விழுந்த மரத்தைத் துண்டு போடும் வேலை ஆண்டுக்குப் பத்து நாளேனும் உள்ளவர் பெட்ரோல் ரம்பம் வாங்கலாம். அவருக்கும் ஆறாயிரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டுச் சிறிய, உதிரி உறுப்பு கிடைக்கும் ரம்பமே என் பரிந்துரை. கைவசம் மலிவு ரம்பம்தான் என்றால், கூடவே வந்த சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பெயர் பெற்ற நிறுவனத்தின் துள்ளல் குறைந்த சங்கிலியை மாட்டுங்கள். சில நூறு ரூபாயில் எந்திரமே மாறிவிட்டதுபோல் இருக்கும். பட்டைக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றாதீர்கள். அதில் மிதக்கும் உலோகத் துகள் பட்டையின் வரிப்பள்ளத்தை அரித்துவிடும்.

மரம் நம்முடையதானாலும் வெட்டும் உரிமை எப்போதும் நம்முடையதன்று. பட்டா நிலத்துச் சந்தன மரத்துக்குத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. வனத்துறையைக் கேளாமல் தொடக் கூடாது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகத்தின் 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம். அங்கே நிலமோ உறவினர் வீடோ இருப்பவர்கள் மர அலுவலரின் அனுமதியைப் பெற்றே மரத்தை வெட்ட வேண்டியிருக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டில் ரம்பத்துக்கே 2002-இல் சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றம். இங்கே கேட்டதும் கடைக்காரர் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

பெட்டியில் போடுமுன் அவரிடம் எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சூடான பின் ஆக்சிலேட்டரை விட்டால் சங்கிலி அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ரம்பத்தைத் தரையில் அழுத்திப் பிடித்து, பாதி வேகத்தில் ஓடும்போது மணிக்கட்டால் முன் தகட்டைத் தள்ளச் சொல்லுங்கள். சங்கிலி கண்ணிமைக்குமுன் நிற்க வேண்டும். பட்டையின் மூக்கை ஓர் அட்டைக்கு நேரே காட்டி எஞ்சினை முடுக்கினால் அட்டையில் எண்ணெய்த் துளிகள் கோடாகத் தெறிக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், அந்த ரம்பத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.